ஓர் எழுத்துப் பிழையைத் துரத்திய 33 வருடம்: பரம்பரை இதயத் தசை நோயும் சைட்மன் தம்பதியின் ஆய்வும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'அந்த வீட்டு ஆம்பளைங்க நாற்பதைத் தாண்ட மாட்டாங்க' என்று ஊரில் சில குடும்பங்களைப் பற்றிச் சொல்வார்கள். குலசாபம் என்பார்கள், யாரோ செய்வினை வைத்துவிட்டதாகவும் பேசிக்கொள்வார்கள். எல்லா வீட்டுக்கும் இல்லாவிட்டாலும், அப்படிப்பட்ட சில வீடுகளுக்காவது மரபணுவில் விடை உண்டு. அந்த விடையைத் தேடிப் போன கிறிஸ்டின் சைட்மன், ஜொனாதன் சைட்மன் தம்பதியைப் பற்றிப் பேச்செடுத்தால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. சிலவற்றுக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். சிலவற்றுக்கு முடியாது.

யார் இந்த சைட்மன் தம்பதி?

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் ஒரே ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்து நடத்தும் கணவன் மனைவி. கிறிஸ்டின் இதய மருத்துவர். நண்பர்கள் அவரை 'கிரிக்கெட்' என்றுதான் கூப்பிடுவார்கள். (நம் ஊர் ஆட்டத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.) ஜொனாதன் மருத்துவர் அல்ல, மரபணு விஞ்ஞானி. நோய் எதிர்ப்புப் புரதங்களின் மரபணுக்களை மரபியலாளர் ஃபிலிப் லெடரின் குழுவில் ஆராய்ந்து பெயர் வாங்கியவர். மாணவப் பருவத்தில் ஹார்வர்டில் சந்தித்து மணந்துகொண்டார்கள்.

இந்தச் சேர்க்கைதான் முக்கியம் என்று நினைக்கிறேன். 1980களில் மரபணுவைப் பிரித்தெடுக்கத் தெரிந்தவர்களுக்கு நோயாளிகள் தெரியாது, நோயாளிகளைத் தெரிந்தவர்களுக்கு மரபணு வேலை தெரியாது. இவர்கள் வீட்டில் இரண்டும் ஒரே சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தன. முதலில் சேர்ந்து செய்தது நோய் சம்பந்தப்பட்ட வேலைகூட இல்லை: இதய மேலறை சுரக்கும், உப்பையும் நீரையும் வெளியேற்றச் சொல்லும் ஒரு ஹார்மோனின் மரபணு வடிவத்தை எலியில் கண்டு 1984-ல் வெளியிட்டார்கள். இதயத்தையும் மரபணுவையும் ஒன்றாகக் கையாள அதில் பழகிக்கொண்டார்கள்.

அவர்கள் ஆராய்ந்த நோய் எது? மாரடைப்பா?

மாரடைப்பு இல்லை. மாரடைப்பு என்பது இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவது. சர்க்கரை, கொழுப்பு, சிகரெட் எல்லாம் அதில் பங்கு வகிக்கும். இவர்கள் ஆராய்ந்த ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதியில், சுருக்கமாக எச்.சி.எம்.மில், குழாய்கள் சுத்தமாகவே இருக்கலாம். கோளாறு தசையில். இடது கீழறையின் சுவர், பெரும்பாலும் இரண்டு கீழறைகளுக்கும் நடுவில் இருக்கும் சுவர், ரத்த அழுத்தம் போன்ற வெளிக்காரணம் எதுவும் இல்லாமல் தானாகத் தடிக்கிறது. வழக்கமாக ஒரு சென்டிமீட்டரை ஒட்டி இருக்க வேண்டியது, 15 மில்லிமீட்டரைத் தொட்டாலே டாக்டர்கள் இந்த நோயை நினைப்பார்கள்.

நுண்ணோக்கியில் பார்த்தால் இன்னொரு விஷயம் தெரியும். நாற்று நட்டதுபோல் வரிசையாக இருக்க வேண்டிய தசை நார்கள், உதறிப் போட்ட வைக்கோல் போலக் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். இதயத்தின் மின்துடிப்பு அந்தக் குழப்பத்தில் தடம் மாறலாம். விளையாட்டு மைதானத்தில் ஒரு பையன் சுருண்டு விழுந்து இறந்தான் என்று செய்தி வருகிறதே, அதற்கு இருக்கக்கூடிய காரணங்களில் இதுவும் ஒன்று.

ஆனால் உடனே பயந்துவிட வேண்டாம். அமெரிக்காவில் எக்கோ, அதாவது இதய ஸ்கேன், எடுத்துப் பார்த்த கணக்கில் ஏறத்தாழ 500 பேரில் ஒருவருக்கு இது இருந்தது. அதில் பெரும்பாலானோர் சராசரி ஆயுள் வாழ்கிறார்கள், பலருக்கு இருப்பதே தெரியாது.

இது பரம்பரை நோய் என்று முதலில் எப்படித் தெரிந்தது?

லண்டனில் டொனால்டு டியர் என்ற நோய்க்குறியியல் நிபுணர், திடீரென்று இறந்த இளையவர்களின் உடல்களைப் பரிசோதித்தபோது சிலருடைய இதயச் சுவர் ஒரு பக்கம் மட்டும் தடித்திருப்பதைக் கவனித்தார். 1958-ல் 8 பேரைப் பற்றி எழுதினார். இரண்டு வருடம் கழித்து, ஒரே குடும்பத்தில் இது வருவதைப் பற்றி அவரும் மற்றவர்களும் எழுதினார்கள்.

சைட்மன் கதைக்கு வேர் கனடாவில் இருக்கிறது. கியூபெக் மாநிலத்தில் கோவாட்டிகுக் என்று ஒரு சின்ன ஊர். அங்கே வேரூன்றிய பிரெஞ்சு பேசும் ஒரு பெரிய குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இதயத்தால் சாவுகள். மான்ட்ரியல் மருத்துவர் பீட்டர் பாரேயும் அவர் கூட்டாளிகளும் அந்தக் குடும்பத்தின் வம்ச வரைபடத்தைப் போட்டு 1961-ல் வெளியிட்டார்கள். யார் யாருக்குப் பிறந்தார், யாருக்கு நோய், யார் எப்போது இறந்தார் என்று ஆள் ஆளாக எழுதினார்கள். டி.என்.ஏ.யைப் படிக்க வழியே இல்லாத காலம் அது. அந்த வரைபடத்தை வைத்து அப்போது அதற்கு மேல் எதுவும் செய்ய முடியாது. ஆனாலும் போட்டு வைத்தார்கள். கிட்டத்தட்ட 28 வருடம் கழித்து அது வேலைக்கு வந்தது.

எந்த மரபணு என்றே தெரியாமல் எப்படித் தேடினார்கள்?

நிறையப் பேர் கேட்பது இதுதான், எனக்கும் பிடித்த பகுதி இதுதான்.

மனித மரபணு வரைபடத் திட்டம் 1990-ல்தான் தொடங்கியது. சைட்மன் குழு தேட ஆரம்பித்த காலத்தில் டி.என்.ஏ. என்பது தெருப்பெயர் எழுதாத பெரிய நகரம். அப்படிப்பட்ட ஊரில் நாம் வழி கேட்டால் என்ன சொல்வார்கள்? 'பிள்ளையார் கோயிலுக்கு எதிர்ச் சந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்.' அதேதான் இங்கேயும். குரோமோசோம்களில் அங்கங்கே ஆளுக்கு ஆள் மாறும் சில அடையாளங்கள் மட்டும் அப்போது தெரியும். அந்த அடையாளங்கள் நோயை உண்டாக்காது, சும்மா நிற்கும் கோயில் மாதிரி.

தாயிடமோ தகப்பனிடமோ இருந்து பிள்ளைக்கு டி.என்.ஏ. துண்டு துண்டாக வருகிறது. பக்கத்தில் பக்கத்தில் இருப்பவை பெரும்பாலும் சேர்ந்தே வரும். எனவே குடும்பத்தில் நோய் உள்ளவர்களிடம் எல்லாம் ஒரே அடையாளம் இருந்து, நோய் இல்லாதவர்களிடம் அது இல்லாமல் போனால், நோய்க்கான மரபணு அந்த அடையாளத்துக்குப் பக்கத்து வீட்டில்தான் குடியிருக்க வேண்டும். இதற்குப் பெரிய குடும்பம் வேண்டும். நாலு பேர் குடும்பத்தில் தற்செயலாக எதுவும் பொருந்திவிடும். பல தலைமுறை உயிரோடு இருக்கிற, எல்லாரும் ரத்தம் கொடுக்கச் சம்மதிக்கிற குடும்பம் வேண்டும். கோவாட்டிகுக் குடும்பம் அப்படிப்பட்டது.

யாருக்கு நோய், யாருக்கு இல்லை என்று சரியாகப் பிரிப்பதும் சாதாரண வேலை இல்லை. ஒருவரைத் தவறாக 'நோய் இல்லை' என்று குறித்தால் கணக்கு முழுவதும் கலைந்துவிடும். அதனால் ஒவ்வொருவருக்கும் ஈ.சி.ஜி., எக்கோ எடுத்துப் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொரு அடையாளமாக வைத்துப் பார்த்து, தள்ளி, அடுத்ததை எடுத்து, மறுபடி தள்ளி. கடைசியில் 14-ஆம் குரோமோசோமில் ஓர் அடையாளம் பொருந்தியது. அது தற்செயலாகப் பொருந்தியிருக்க 200 கோடியில் ஒரு வாய்ப்புகூட இல்லை என்று 1989-ல் வெளியிட்டார்கள்.

அந்த இடத்தில் என்ன இருந்தது?

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. 14-ஆம் குரோமோசோமில் அதே பகுதியில் இதயத் தசையைச் சுருங்க வைக்கும் மயோசின் புரதத்தின் இரண்டு மரபணுக்கள் அருகருகே இருப்பது முன்பே தெரிந்திருந்தது. தசை நோய், தசைப் புரதம். சந்தேகப்பட வேண்டிய ஆள் வாசலிலேயே நின்றார்.

1990-ல் பிழையைப் பிடித்தார்கள். பீட்டா மயோசின் என்ற அந்தப் புரதம் 1,935 அமினோ அமிலங்கள் கோத்த மாலை. 403-ஆவது இடத்தில் ஆர்ஜினின் இருக்க வேண்டும். கோவாட்டிகுக் குடும்பத்தில் நோய் உள்ளவர்களுக்கு அங்கே குளுட்டமின் இருந்தது. டி.என்.ஏ.யில் பார்த்தால் ஒரே ஓர் எழுத்து: 'ஜி' இருக்க வேண்டிய இடத்தில் 'ஏ'. நமக்கு 'பணம்' ஒரு புள்ளி தவறினால் 'பிணம்' ஆகிவிடுவது மாதிரி என்று ஒரு தமிழாசிரியர் சொன்னார். புள்ளி இல்லை ஐயா, கொம்பு என்று திருத்த நினைத்தேன். அப்புறம் பார்த்தால் அதுவும் தவறு, அது விசிறி. விட்டுவிட்டேன்.

அப்படியென்றால் எச்.சி.எம்.முக்குக் காரணம் அந்த ஒரு மரபணுதானா?

அப்படி இருந்திருந்தால் வேலை 1990-லேயே முடிந்திருக்கும். வேறு குடும்பங்களைப் பார்த்தபோது சிலருடைய நோய் 14-ஆம் குரோமோசோமோடு பொருந்தவே இல்லை. இது தோல்வி மாதிரித் தெரிந்தாலும் அதில்தான் பெரிய விடை இருந்தது. 1993-ல் 1, 15, 11 ஆகிய குரோமோசோம்களில் புதிய இடங்கள் தெரிந்தன. 11-ஐக் கண்டது பாரிஸ் குழு. 1994-ல் ட்ரோபோனின் டி, ட்ரோபோமயோசின் என்ற இரண்டு புரதங்களின் மரபணுக்களிலும் பிழை இருப்பதை சைட்மன் குழு காட்டியது. அடுத்த வருடம் 11-ஆம் குரோமோசோமில் இருந்தது மயோசினைக் கட்டிப்பிடிக்கும் புரதம், அதாவது மயோசின் பைண்டிங் புரோட்டீன் சி, என்று இரண்டு குழுக்களும் தனித்தனியே காட்டின.

இவை எல்லாமே தசை சுருங்கும் அடிப்படை அலகான சார்க்கோமியரின் பாகங்கள். தறியில் எந்த ஒரு பாகம் கெட்டாலும் துணியில் பிசிறு விழுவதுபோல, சார்க்கோமியரில் எந்தப் பாகம் கெட்டாலும் இந்த நோய் வரலாம். 'இது சார்க்கோமியரின் நோய்' என்ற பார்வை அப்போது பிறந்ததுதான். இன்று மரபணுப் பரிசோதனையில் பிழை அகப்படும் எச்.சி.எம். நோயாளிகளில் பெரும்பாலோருக்கு அது பீட்டா மயோசினிலோ பைண்டிங் புரோட்டீன் சி-யிலோ இருக்கும்.

ஒரே பிழை. அண்ணனுக்கு 20 வயதில் நோய், தங்கைக்கு 60 வயது வரை ஒன்றும் இல்லை. ஏன்?

முழு விடை இன்னும் யாரிடமும் இல்லை. ஆனால் சில இழைகள் தெரியும். எந்த மரபணு என்பது ஒன்று: பைண்டிங் புரோட்டீன் சி-யில் பிழை உள்ள பலருக்கு நடுவயதுக்குப் பிறகுதான் சுவர் தடிக்கிறது என்று சைட்மன் குழு 1998-ல் காட்டியது. ட்ரோபோனின் டி பிழை இன்னும் மோசமான தந்திரக்காரன். சுவர் அதிகம் தடிக்காமலேயே திடீர் மரணம் வரலாம். அதாவது எக்கோவில் பெரிதாக ஒன்றும் தெரியாத ஆளுக்கு ஆபத்து இருக்கலாம். ரத்த அழுத்தம், உடல் எடை, பிற மரபணுக்களில் இருக்கும் சின்னச் சின்ன வேறுபாடுகள் எல்லாம் சேர்ந்து நோயைக் கூட்டும், குறைக்கும்.

எலிகளை வைத்து என்ன கண்டார்கள்?

403-ஆவது இடத்துப் பிழையை எலிக்கு வைத்து 1996-ல் வெளியிட்டார்கள். வளர்ந்த எலியின் இதயத்தில் பீட்டாவுக்குப் பதில் ஆல்ஃபா மயோசின் வேலை செய்கிறது என்பதால் அந்த மரபணுவில் வைத்தார்கள். ஒரு மரபணு தாய்வழி ஒன்று, தகப்பன்வழி ஒன்று என்று இரண்டு பிரதியாக இருக்கும். ஒரு பிரதியில் மட்டும் பிழை இருந்த எலிகளுக்கு மனிதருக்கு வருவதுபோலவே நோய் வந்தது. இரண்டு பிரதியிலும் பிழை இருந்த குட்டிகள் பிறந்து ஒரு வாரத்தில் இறந்தன.

எலிகளிலும், பிறகு தனி மயோசின் மூலக்கூறுகளிலும் பார்த்துப் பார்த்து ஒரு கருத்து வலுப்பெற்றது. இந்த நோயில் இதயம் பலவீனத்தால் தடிக்கவில்லை. மயோசின் ஓய்வெடுக்க வேண்டிய நேரத்திலும் வேலை செய்கிறது, சக்தியை வீணாக்குகிறது. வேலை செய்யத் தெரியாத ஆள் அல்ல, விடுப்பு எடுக்கத் தெரியாத ஆள்.

இந்த ஆய்வால் நோயாளிக்கு என்ன கிடைத்தது?

முதல் 20 வருடத்தில் கிடைத்தது தகவல்தான். குடும்பத்தில் யாருக்குப் பிழை இருக்கிறது, யாரை அடிக்கடி பரிசோதிக்க வேண்டும், யார் நிம்மதியாக இருக்கலாம் என்பது. ஆபத்து அதிகம் உள்ளவருக்கு, தாறுமாறான துடிப்பை அதிர்ச்சி கொடுத்து நிறுத்தும் ஐ.சி.டி. கருவியை முன்கூட்டியே வைக்க முடிந்தது. சிறிய விஷயம் இல்லை, ஆனால் நோயின் வேரைத் தொடும் மருந்து இல்லை.

மருந்து வந்த விதம் இது. மயோசின் ஓயாமல் உழைக்கிறது என்றால் அதைக் கொஞ்சம் அடக்கினால் என்ன? 2012-ல் சைட்மன் தம்பதி, மயோசினைப் பற்றி வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த ஜேம்ஸ் ஸ்புடிச், லெஸ்லி லைன்வாண்ட் ஆகியோர் சேர்ந்து மயோகார்டியா என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். அங்கே உருவான மருந்து மாவாகாம்டன். 2016-ல் எலி ஆய்வு வெளியானது: நோய் வரும் முன்னே கொடுத்த எலிகளுக்குச் சுவர் தடிக்கவில்லை. 2020-ல் மனித ஆய்வு: தடித்த சுவரால் ரத்தம் வெளியேறும் வழி அடைபட்ட 251 பேரில் மருந்து எடுத்தவர்களில் 37 சதவீதம் பேருக்கு வரையறுத்த முன்னேற்றம், வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 17 சதவீதம். 2022 ஏப்ரலில் அமெரிக்க அரசு அனுமதி கிடைத்தது.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மயோசினை அளவுக்கு மீறி அடக்கினால் இதயமே தளர்ந்துவிடும் என்பதால் இதை எடுப்பவர்களுக்கு அடிக்கடி எக்கோ எடுக்க வேண்டும். அடைப்பு இல்லாத வகை நோயாளிகளிடம் நடந்த பெரிய ஆய்வு 2025-ல் எதிர்பார்த்த பலனைக் காட்டவில்லை. விலையும் இருக்கிறது: அமெரிக்காவில் அறிமுகமானபோது ஒரு வருடத்துக்கு 89,500 டாலர். மயோகார்டியாவை பிரிஸ்டல் மையர்ஸ் ஸ்குவிப் நிறுவனம் 2020-ல் 1,310 கோடி டாலருக்கு வாங்கியது. சும்மா ரத்தம் கொடுத்த ஒரு குடும்பத்தில் தொடங்கிய கதை இந்தத் தொகையில் வந்து நிற்பது எனக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது. அதே சமயம் அந்தப் பணம் இல்லாமல் இந்த மாத்திரை கடைக்கு வந்திருக்காது என்பதும் தெரிகிறது.

இந்தியர்களுக்கு, தமிழர்களுக்கு இதில் தனிப்பட்ட விஷயம் ஏதாவது உண்டா?

உண்டு. அதைச் சரியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிக் கதையைத்தான் நிறையப் பேர் பகிர்கிறார்கள்.

2003-ல் இரண்டு இந்தியக் குடும்பங்களில் பைண்டிங் புரோட்டீன் சி மரபணுவில் 25 எழுத்துகள் காணாமல் போயிருப்பது தெரிந்தது. 2009-ல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. கட்டுரை எழுதியவர்களில் முதலில் இருப்பவர் தண்டபாணி, ஈரோட்டுப் பக்கத்து ஊர்ப் பெயரான பெருந்துறையைத் தன் பெயருக்கு முன்னால் வைத்திருப்பவர். ஐதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகத்தின் தங்கராஜ் முதலானோர் உடன் இருந்தார்கள். இந்தியாவின் 107 சமூகங்களைச் சேர்ந்த 6,000-க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்ததில், ஏறத்தாழ 4 சதவீதம் பேரிடம் இந்த 25 எழுத்து இழப்பு இருந்தது. தெற்காசியாவுக்கு வெளியே பெரும்பாலும் கிடையாது. இதய நோயாளிகளிடம் இது அதிகம். இது இருந்தால் இதயத் தசை நோய்க்கான வாய்ப்பு 7 மடங்கு என்ற அளவில் கணக்கு வந்தது. செய்தி உலகம் முழுக்கப் போனது. 'இந்தியர்களில் நூற்றுக்கு நாலு பேருக்கு இதயச் செயலிழப்பு மரபணு' என்று தலைப்புகள் வந்தன.

மரபியல் தெரிந்தவர்களுக்கு ஒரு நெருடல் இருந்தது. நூற்றுக்கு நாலு பேரிடம் இருக்கும் பிழை இவ்வளவு கொடியது என்றால் நம் ஊரில் எச்.சி.எம். கொட்டிக் கிடக்க வேண்டுமே?

2020-ல் பிரிட்டனில் வாழும் தெற்காசிய நோயாளிகளை வைத்து மறுபடி ஆராய்ந்தார்கள். இதில் ஒரு சுவாரசியம் தெரிந்தது. 25 எழுத்து இழப்பு உள்ளவர்களில் ஒரு சின்னப் பகுதியினருக்கு, அதே மரபணுவில் இன்னோர் இடத்தில் வேறொரு ஓர்-எழுத்துப் பிழையும் சேர்ந்து இருந்தது. எச்.சி.எம். ஆபத்து அந்தச் சின்னப் பகுதியினரிடம்தான். 25 எழுத்து இழப்பு மட்டும் உள்ளவர்களிடம் எச்.சி.எம். கூடவில்லை. சுருங்கச் சொன்னால், கூட்டத்தில் திருடன் ஒருவன் இருந்தான், ஊரே அந்தச் சட்டை போட்ட எல்லாரையும் சந்தேகப்பட்டது.

இதனால் 2009 ஆய்வு வீண் என்று ஆகாது. அந்த இழப்பு எந்தச் சமூகத்தில் எவ்வளவு என்ற கணக்கு அப்படியே நிற்கிறது, பின்னால் வந்தவர்கள் அதன் மேல்தான் நடந்தார்கள். ஆனால் உங்கள் பரிசோதனை அறிக்கையில் இந்த 25 எழுத்து இழப்பு என்று மட்டும் இருந்தால், அதை வைத்துத் தூக்கம் கெட வேண்டாம். மற்ற அந்தப் பிழையும் இருக்கிறதா என்று மரபணு ஆலோசகரிடம் கேளுங்கள்.

இதே சிக்கல் அமெரிக்காவிலும் நடந்தது. கருப்பின மக்களிடம் சாதாரணமாகக் காணப்படும் சில வேறுபாடுகளை, பெரும்பாலும் வெள்ளையர்களை வைத்தே ஒப்பிட்டதால், எச்.சி.எம். பிழைகள் என்று தவறாகச் சொல்லிவிட்டார்கள். 2016-ல் அது வெளிச்சத்துக்கு வந்தது. ஒப்பீட்டுக் கூட்டத்தில் கொஞ்சம் கருப்பினத்தவர் இருந்திருந்தாலே அந்தத் தவறு நடந்திருக்காது.

சொந்தத்தில் கல்யாணம் செய்வதால் வருகிறதா?

எச்.சி.எம்.முக்குப் பெரும்பாலும் ஒரு பிரதியில் பிழை இருந்தால் போதும். அம்மாவிடமோ அப்பாவிடமோ இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஆணோ பெண்ணோ. மாமன் மகளைக் கட்டினாலும், முன்பின் தெரியாதவரைக் கட்டினாலும் இது மாறாது. ஆனால் பிழை ஓடும் குடும்பத்துக்குள்ளேயே திருமணம் நடந்து, இரு பக்கமும் அதே பிழை இருந்தால், பிள்ளைக்கு இரண்டு பிரதியும் பிழையாக வரலாம். அப்போது நோய் குழந்தைப் பருவத்திலேயே கடுமையாக வரக்கூடும். அந்த எலிக்குட்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

எச்.சி.எம். தவிர வேறு என்ன செய்தார்கள்?

நிறைய. கட்டைவிரல் குறைபாடும் இதயத்தில் ஓட்டையும் சேர்ந்து வரும் ஹோல்ட்-ஓரம் நோய்க்குறியின் மரபணுவை 1997-ல் கண்டார்கள். பிறவி இதயக் கோளாறுகளில் பெரிய கூட்டு ஆய்வுகளில் இருக்கிறார்கள். மனித இதயத்தின் செல்களை ஒவ்வொன்றாக வகைப்படுத்திய 2020-ஆம் ஆண்டு அட்டவணையிலும் இவர்கள் பங்கு உண்டு.

நான் தனியாகச் சொல்ல விரும்புவது டிட்டின். மனித உடலில் தெரிந்தவற்றில் மிகப் பெரிய புரதம் அது. இவ்வளவு நீளமான மரபணுவைப் படிக்கச் செலவு தாங்காது என்று பலர் பக்கத்தில் போகவே இல்லை. புதிய வரிசைப்படுத்தும் இயந்திரங்கள் வந்ததும் படித்தார்கள். இதயம் தடிக்காமல் தளர்ந்து பெருக்கும் டைலேட்டட் கார்டியோமயோபதி குடும்பங்களில் ஏறத்தாழ 25 சதவீதத்தில் டிட்டின் பாதியில் அறுந்திருப்பதாக 2012-ல் வெளியிட்டார்கள். பிரசவத்தை ஒட்டி இதயம் தளரும் பெண்களிலும் 15 சதவீதம் பேரிடம் இப்படிப் புரதத்தைப் பாதியில் அறுக்கும் பிழைகள், அவற்றில் பெரும்பாலானவை டிட்டினில், என்று 2016-ல் தெரிந்தது. 'பிள்ளை பெற்றதும் உடம்பு விழுந்துவிட்டது' என்று நாம் சொல்லும் சில கதைகளுக்குப் பின்னால் இப்படியும் ஒரு காரணம் இருக்கக்கூடும்.

எங்கள் வீட்டில் ஒருவர் இளவயதில் இறந்துவிட்டார். எல்லாரும் மரபணுப் பரிசோதனை எடுக்க வேண்டுமா?

முதலில் இதய மருத்துவரிடம் போய் ஈ.சி.ஜி., எக்கோ. ரத்த உறவில் முதல் வட்டம், அதாவது பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள், கட்டாயம். நோய் இருப்பது உறுதியான ஒருவர் உயிரோடு இருந்தால் மரபணுப் பரிசோதனை அவரிடம் தொடங்க வேண்டும். அவரிடம் தெளிவான பிழை கிடைத்தால்தான் மற்றவர்களிடம் அதே பிழையைத் தேடுவதில் அர்த்தம். பல குடும்பங்களில் எதுவும் அகப்படாது. அப்படி அகப்படாவிட்டால் உறவினர்களுக்கு ஆபத்து இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, எக்கோ கண்காணிப்பு தொடர வேண்டும். அறிக்கையில் 'பொருள் உறுதியாகாத வேறுபாடு' என்று வந்தால் அதை நோய் என்றும் படிக்காதீர்கள், நிம்மதி என்றும் படிக்காதீர்கள்.

போகும்போது வம்ச வரைபடம் ஒன்றைக் கையால் போட்டுக்கொண்டு போங்கள். பாட்டியிடம் உட்கார்ந்து கேட்டால் மூன்று தலைமுறைக்குக் கிடைத்துவிடும். 'கிணற்றில் விழுந்து செத்தார்', 'வலிப்பு வந்து போனார்' என்பதையும் எழுதுங்கள். திடீர் மயக்கம் பல வீடுகளில் அந்தப் பெயர்களில்தான் ஒளிந்திருக்கும்.

எழுத்துப் பிழையையே திருத்திவிட முடியாதா?

எலியில் முடிந்திருக்கிறது. அதே 403-ஆவது இடம், அதே 'ஏ'. 2023-ல் சைட்மன் குழுவும், டெக்சாஸில் எரிக் ஓல்சன் குழுவும், டி.என்.ஏ.யின் ஓர் எழுத்தை மட்டும் மாற்றும் கருவியை வைரஸ் ஓட்டில் ஏற்றி எலி இதயத்துக்குள் அனுப்பி 'ஏ'-வை 'ஜி' ஆக்கினார்கள். எலிகளுக்கு நோய் வரவில்லை. 1990-ல் கண்ட பிழை 2023-ல் திருத்தப்பட்டது, அதுவும் எலியில்தான். சைட்மன் குழு டி.என்.ஏ.யை வெட்டும் இன்னொரு முறையையும் பார்த்தது. அதில் அளவு கூடியபோது இதயத்துக்கே கெடுதல் ஆனது.

மனிதருக்குக் கொண்டுபோக, பிரிட்டிஷ் இதய அறக்கட்டளை 2022-ல் 3 கோடி பவுண்டு கொடுத்திருக்கிறது. அந்தத் திட்டத்தை ஆக்ஸ்ஃபோர்டின் ஹியூ வாட்கின்ஸ், கிறிஸ்டின் சைட்மன் இருவரும் முன்னின்று நடத்துகிறார்கள். வாட்கின்ஸ் 1990களில் சைட்மன் ஆய்வுக்கூடத்தில் வேலை பழகியவர். ட்ரோபோனின் டி வேலையில் அவர் கை உண்டு.

நோபல் பரிசு கிடைத்ததா?

இல்லை.

அந்தக் கோவாட்டிகுக் குடும்பம் யார்? பெயர் என்ன?

1990-ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவர்கள் 'ஏ குடும்பம்' மட்டும்தான். வட்டம் பெண், சதுரம் ஆண், கருப்படித்தால் நோய், குறுக்குக் கோடு போட்டால் இறந்தவர். அவ்வளவுதான் அச்சில் இருக்கிறது, இருக்க வேண்டியதும் அவ்வளவுதான்.